குற்றவாளி மயோனைஸ் அல்ல

கேள்வி: டல்லாஸில் எங்கள் வீட்டுத் தோட்டத்தில் ஜூலை 4 மதியம் 20 பேருக்கு அமெரிக்க பிக்னிக் பாணி விருந்து வைக்கிறோம். பாதிப் பேர் சைவம். மயோனைஸ் போட்ட உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் கேட்டரரிடமே விட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம், சாலட்டை நீங்களே செய்யுங்கள். கடை மயோனைஸில் வினிகரின் புளிப்பு இருக்கிறது. அதில் கிருமி லேசில் வளராது. கெடுவது வெந்த கிழங்கும் முட்டையும்தான். சூட்டோடு ஆழமான பாத்திரத்தில் மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

யூகான் கோல்டு கிழங்கு 5 பவுண்டு போதும். ரஸெட் வாங்காதீர்கள், குழைந்துவிடும். உப்புப் போட்ட குளிர்ந்த தண்ணீரில் கிழங்கைப் போட்ட பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதிநீரில் போட்டால் வெளியே கரையும், உள்ளே வேகாது. வடித்த சூட்டிலேயே கால் கப் ஆப்பிள் சைடர் வினிகர் தெளியுங்கள், ஆறினால் உள்ளே இறங்காது. அகலத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்தபின் 2 கப் மயோனைஸ், 2 மேசைக்கரண்டி மஸ்டர்ட், நறுக்கிய செலரி சேருங்கள். சைவர்களுக்கு முட்டையில்லா மயோனைஸில் தனியாகக் கலந்துவிடுங்கள்.

வெளியே 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மேஜையில் 1 மணி நேரம்தான் கெடு. டல்லாஸ் ஜூலைக்கு அதுவே கணக்கு. ஐஸ் பரப்பிய தட்டில் சின்னக் கிண்ணமாக வையுங்கள். தீர்ந்தால் புதுக் கிண்ணம். பழையதன்மேல் கொட்டவே கூடாது.

கேட்டரரிடம் பர்கர், பன் மட்டும் வாங்குவதென்றாலும் கவனம். ‘ஃபுல் ட்ரே 25 பேருக்கு வரும்’ என்பார்கள். ட்ரேயின் நீள அகலம் ஒன்றாக இருக்கும், ஆழம் பாதியாக இருக்கும். எத்தனை பவுண்டு என்று எழுதி வாங்குங்கள். ‘சர்வீஸ் சார்ஜ்’ பரிமாறுபவர் கைக்குப் போகிறதா என்றும் கேளுங்கள். பல இடங்களில் போவதில்லை. தானே சமைக்காமல் ஆர்டர் மட்டும் பிடிக்கும் இடைத்தரகரானால், எந்தச் சமையலறை, எத்தனை மணிக்கு உணவு கிளம்புகிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சைவர்களுக்குப் பெரிய பொறி டின்னில் வரும் பேக்டு பீன்ஸ். பலவற்றில் பன்றி இறைச்சி இருக்கும். மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின், ‘பை’ (pie) என்ற பலகாரத்துக்கான சில ரெடிமேட் மாவில் பன்றிக்கொழுப்பு. இந்தியாவில் பச்சைப் புள்ளி கட்டாயம். இவ்வளவு பெரிய அமெரிக்காவில் அப்படி ஒரு கட்டாயக் குறி கிடையாது, பொடி எழுத்தை நாம்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும். தேதி முத்திரையும் இதே லட்சணம்தான்: குழந்தைகளின் ஃபார்முலா பால்மாவைத் தவிர வேறெதற்கும் மத்தியச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை.

மேஜையில் வைக்கும் அந்த 1 மணி நேரக் கெடுவுக்கு விலக்கு உண்டு: 140 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல் சூடாக இருக்கும் உணவு. பீன்ஸை ஸ்லோ குக்கரில் ‘வார்ம்’ நிலையில் விருந்து முடியும்வரை வைத்திருக்கலாம். ஆனால் அடுப்பில் கொதிக்க வைத்த பிறகே அதில் ஊற்ற வேண்டும். குளிர்ந்த பீன்ஸை அப்படியே ஊற்றி ‘வார்ம்’ போட்டால், அது கிருமிக்கு இதமான சூட்டிலேயே நெடுநேரம் கிடக்கும். மூடியை அடிக்கடி திறந்தாலும் சூடு இறங்கும். தெர்மாமீட்டரை நடுவில் குத்திப் பாருங்கள். 140-க்குக் கீழே எப்போது இறங்கியது என்று தெரியாவிட்டால் கொட்டிவிடுங்கள்.