பழ வாசனை வரும் ‘இண்டிகா’ கஞ்சா என்றால் என்ன? நுவரெலியா குளிருக்கு அது வருமா?

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் பழ வாசனை அடிக்கிற இண்டிகா விதை கொண்டு வருகிறேன் என்கிறார், நம் பக்கத்துக் குளிருக்கு அது வருமா, இண்டிகா என்றால்தான் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். 1929 இலிருந்து இருக்கிற அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின்படி, இங்கே அனுமதி இல்லாமல் ஒரே ஒரு செடி வளர்த்தாலும் குற்றம், பூந்தொட்டியில் வைத்தாலும் சரி, லீக்ஸ் பாத்தி மூலையில் வைத்தாலும் சரி. அதனால் இங்கே வளர்க்க வழி சொல்லப் போவதில்லை. ஆனால் அந்தச் செடியைப் பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம் இருக்கிறது.

நான் நுவரெலியாவுக்குக் கிட்ட, கந்தப்பளைப் பக்கம் பொலித்தீன் கூடாரத்தில் ஸ்ட்ரோபெரி வளர்க்கிறேன். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் தோட்டத்துத் தேயிலை நாற்றுமேடையில் வேலை. 2023 இல் அக்காவைப் பார்க்கக் கனடா போய், ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை அவர்கள் வீட்டில் இருந்தேன். அங்கே 2018 அக்டோபர் 17 இலிருந்து கஞ்சா சட்டப்படி சரி, ஒன்டாரியோவில் ஒரு வீட்டுக்கு நான்கு செடி வைக்கலாம். மச்சான் பின்பக்கம் தக்காளிக்குப் பக்கத்தில் நான்கு வைத்திருந்தார். அதில் இரண்டு ஒரே பைக்கற்று விதை, உறையில் ஏதோ பழத்தின் பெயர், கீழே ‘70 வீதம் இண்டிகா’ என்று போட்டிருந்தது.

செப்டம்பரில் ஒரு நாள், “மோந்து பாருங்க மச்சான்” என்று ஒரு செடியின் பூவை இரண்டு விரலால் லேசாகத் தேய்த்து நீட்டினார். பேஷன் புரூட்டை வெட்டிய உடனே வருமே, இனிப்போடு கொஞ்சம் வியர்வை நெடியும் சேர்ந்த மாதிரி, அச்சு அசல் அதுதான். அப்புறம் இரண்டடி தள்ளி நின்ற மற்றச் செடியை மோந்தேன். மிளகும் ஈரச் சாக்கும். பழம் என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை. ஒரே பைக்கற்று, ஒரே மண், ஒரே தண்ணீர். கம்பனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று மச்சானுக்குக் கோபம், எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் இது நாற்றுமேடையில் முதல் வாரமே சொல்லிக் கொடுக்கிற பாடம். விதைத் தேயிலையில் ஒரு செடி மாதிரி இன்னொன்று இருக்காது, பழைய மலைகளில் போய்ப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்துச் செடியிலேயே இலை நிறம் வேறு, துளிர் வரும் வேகம் வேறு. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் டீ.ஆர்.ஐ. 2025 என்ற ரகம் என்றால் எந்தத் தோட்டத்திலும் அதே செடிதான், காரணம் அது விதையில் வருவதில்லை, ஒற்றை இலைத் தண்டை நட்டு எடுப்பது. கஞ்சா விதையும் விதைத் தேயிலை மாதிரித்தான். ஆண், பெண் தனித்தனிச் செடி, மகரந்தம் காற்றில் போவது, அதனால் தண்டு வெட்டி எடுத்தால் மட்டுமே ரகத்தின் பெயர் நிற்கும். விதைப் பைக்கற்றில் எழுதியிருக்கிற பெயர் ஒரு ஆசை, அவ்வளவுதான்.

இண்டிகா விஷயம் இன்னும் வேடிக்கை. லின்னேயஸ் 1753 இல் ‘சட்டைவா’ என்று பெயர் வைத்தார், அது ஐரோப்பாவில் நாருக்கு வளர்த்த செடி. 1785 இல் லமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தியாவிலிருந்து போன செடியைப் பார்த்து, இது வேறு, போதை இதில்தான் இருக்கிறது என்று ‘இண்டிகா’ என்று வைத்தார். அவர் பார்த்தது ஒல்லி இலைச் செடி. இன்றைக்குக் கடைக்காரர்கள் இண்டிகா என்பது ஆப்கானிஸ்தான் மலைகளிலிருந்து வந்த, குட்டையான, அகல இலைச் செடியின் வாரிசுகளை. ஒல்லி இலை இந்தியச் செடியைச் ‘சட்டைவா’ என்கிறார்கள். முழுக்கத் தலைகீழ். நம் நாட்டில் மொனராகலை, தணமல்வில பக்கத்துக் காடுகளில் பொலிஸ் பிடுங்கிப் படம் போடுகிற உயரச் செடிகள்கூட லமார்க் கணக்கில் பார்த்தால் இண்டிகாவுக்குத்தான் கிட்ட.

சரி, பெயர் போகட்டும், இண்டிகா என்று எழுதினால் உள்ளே ஏதாவது பொதுவாக இருக்கிறதா? 2021 இல் நேச்சர் பிளாண்ட்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வில் நெதர்லாந்துக் கஞ்சாவின் மரபணுவைப் பார்த்தார்கள். லேபிளுக்கும் பரம்பரைக்கும் பெரிய தொடர்பு இல்லை, வாசனைப் பொருட்களை உண்டாக்குகிற சில மரபணுக்களோடு மட்டும் கொஞ்சம் பொருந்தியது. இண்டிகா என்று எழுதியதில் மிர்சீன் என்ற வாசனைப் பொருள் கூடுதல். மிர்சீன் மாம்பழத்திலும் இருக்கிறது, சேரை என்கிற எலுமிச்சைப் புல்லிலும் இருக்கிறது. அதாவது மோந்து பார்த்துத்தான் லேபிள் ஒட்டியிருக்கிறார்கள்! அப்புறம் அந்தப் பழ வாசனை மிர்சீனால் மட்டும் வருவதும் இல்லை. தோடம்பழத் தோல் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன்தான், ஆனால் பேஷன் புரூட் மாதிரி வருவதற்குக் காரணம் மிகச் சிறிய அளவில் இருக்கும் கந்தகச் சேர்மங்கள். பேஷன் புரூட்டிலும் அந்தக் குடும்பம்தான் வேலை செய்கிறது, நான் மோந்த அந்த வியர்வை நெடிக்கும் அதுவே காரணம். ஊதா நிறமாக இருந்தால் பழச் சுவை என்று சிலர் சொல்வார்கள், அது குளிர் இரவில் ஏறுகிற நிறமி, வாசனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாம்பழம் சாப்பிட்டுவிட்டுக் கஞ்சா புகைத்தால் போதை கூடுதலாக ஏறும் என்பதையும் நான் நம்பவில்லை.

இனி நுவரெலியா. குளிர் ஒரு பிரச்சினையே இல்லை, ஆப்கான் மலையில் இதைவிடக் குளிர். பிரச்சினை பகலின் நீளம். கஞ்சா செவ்வந்தி மாதிரி, இரவு நீண்டால்தான் பூக்கும். கனடாவில் அக்கா வீட்டில் ஜூனில் பதினைந்தரை மணி நேரம் வெளிச்சம், அந்த இரண்டு மூன்று மாதத்தில் செடி உயர்ந்து, ஆகஸ்டில் பகல் குறையும்போது பூக்கத் தொடங்குகிறது. நமக்கு வருஷத்தில் நீளமான பகலே பன்னிரண்டரை மணிதான், குறைந்தது பதினொன்றே முக்கால். வடக்கே பழகிய செடிக்கு இங்கே எந்த மாதமும் செப்டம்பர் கடைசி. முழங்கால் உயரம் வருவதற்குள் பூத்துவிடும்.

அடுத்தது ஈரம். இதைக் கண்ணால் பார்த்தேன். செப்டம்பர் கடைசியில் அங்கே மூன்று நாள் விடாத மழை. நான்காம் நாள் காலையில், பேஷன் புரூட் வாசனைச் செடியின் நடுப்பூவில் ஒரே ஒரு சின்ன இலை மட்டும் மஞ்சளாகி நின்றது. தொட்டேன், இழுக்காமலே கையோடு வந்தது. கூடாரத்தில் தினமும் பார்க்கிற ஆளுக்கு இது போதும், பூவை விரித்துப் பாருங்கள் என்றேன். உள்ளே காம்பு பழுப்பாகிக் கூழாகி, சாம்பல் நிறப் பஞ்சு. ஸ்ட்ரோபெரியில் வருகிற அதே பொட்ரைட்டிஸ் பூஞ்சணம். ஆப்கான் செடியின் பூ கெட்டியாக, உள்ளங்கை அளவில் திரண்டு வருவது, வறண்ட ஊரில் அது நல்லது, மழை ஊரில் உள்ளே போன ஈரம் வெளியே வராது. மச்சான் பாதியை வெட்டிக் குப்பையில் போட்டார். மிளகு வாசனைச் செடி பூ கொஞ்சம் தளர்வாக இருந்ததால் தப்பியது, அதில் அவருக்குக் கூடுதல் எரிச்சல். அங்கே மூன்று நாள் மழைக்கே இப்படியென்றால், நம் பக்கம் பனி மூட்டம் இறங்கினால் வாரக்கணக்கில் விடாது.

மிஞ்சியதை நிலக்கீழ் அறையில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டோம். “இது என்ன, கொழுந்து வாட்டுற மாடியா” என்று அக்கா சத்தம் போட்டார். பார்க்க அப்படித்தான் இருந்தது, ஆனால் தேயிலையில் வாட்டி, அரைத்து, புளிக்க வைக்கும்போது வாசனை உண்டாகிறது, இதில் பூவின் மேல் இருக்கும் பிசின் மணிகளில் வாசனை ஏற்கனவே இருக்கிறது, அதைத் தொலைக்காமல் இருப்பதுதான் வேலை. முதல் தொகுதியை மச்சான் அவசரத்தில் ஃபேன் போட்டு மூன்று நாளில் காய வைத்தார், வைக்கோல் வாசனைதான் வந்தது. ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்று அடிக்கும்போது ஒரு தைல வாசனை வருமே, அதே செடியை மழைக் காலத்தில் பறித்தால் அது கிடைக்காது. வாசனையை ஊருக்கு ஊர் பார்சல் பண்ண முடியாது.

நண்பரிடம் விதை வேண்டாம் என்று சொல்லுங்கள், விமான நிலையத்தில் பிடித்தால் பழ வாசனை என்றெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். ஏதாவது கொண்டு வந்தே தீருவேன் என்றால், பூ நறுக்க அங்கே ஒரு மெல்லிய வளைந்த முனைக் கத்தரிக்கோல் விற்கிறார்கள். நான் கொண்டு வந்ததில்தான் இப்போது ஸ்ட்ரோபெரிக் கொடி வெட்டுகிறேன், இன்னொன்று கிடைத்தால் எனக்கும் நல்லது.