இடுப்பில் ஆபரேஷன், தொண்டையில் கரகரப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அம்மாவுக்கு 50 வயது, கொழுந்து பறிக்கிறவர். இரண்டு மாதமாக இடுப்பிலிருந்து இடது பாதம் வரை சுண்டி இழுக்கிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் வட்டு) பிதுங்கி நரம்பை அழுத்துவது தெரிகிறது. ஆபரேஷன் செய்யலாம், கொஞ்ச நாள் பொறுத்தும் பார்க்கலாம் என்கிறார் டாக்டர். மாமாவோ முதுகில் கத்தி பட்டால் படுத்த படுக்கைதான் என்கிறார். என்ன செய்ய? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: மாமாவைக் கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்கள் தங்கச்சி. டாக்டர் இரண்டையும் சொன்னது மழுப்பல் இல்லை, ஆராய்ச்சி முடிவே அப்படித்தான் இருக்கிறது. நெதர்லாந்தில் ஆறு முதல் பன்னிரண்டு வாரம் வரை இப்படிக் கால் வலியோடு இருந்த 283 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குச் சீக்கிரமே ஆபரேஷன், மறுபக்கத்துக்கு மாத்திரையும் பொறுமையும், வலி விடவே இல்லையென்றால் பிறகு ஆபரேஷன் என்று வைத்துப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த முடிவுப்படி ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கத்திலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருக்கச் சொன்னவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும்.

ஒரு வருடத்தில் சமம் என்றால் அவசரமே வேண்டாம் என்று தோன்றும். ஆனால் தேறுவதற்கு எடுத்த காலம் சமமில்லை: ஆபரேஷன் பக்கத்தில் சுமார் 4 வாரம், மறுபக்கத்தில் சுமார் 12 வாரம். மாதச் சம்பளக்காரர் அந்த இரண்டு மாத வித்தியாசத்தை மருத்துவ லீவு போட்டுச் சமாளித்துவிடுவார். மலைக்குப் போனால்தான் பேர் (ஒரு நாள் சம்பளம்), பறித்த கொழுந்தின் நிறுவை குறைந்தால் அரைப் பேர் என்று இருக்கிற உங்கள் அம்மாவுக்கு அது கடன். அதற்காக ஆபரேஷன் முடிந்த கையோடு ஈரக் கொழுந்து நிறைந்த கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறவும் முடியாது, சில வாரங்களுக்குப் பாரம் தூக்கவே கூடாது. அதனால் டாக்டரிடம் ‘ஆபரேஷன் தேவையா’ என்று மட்டும் கேட்காமல், ‘எந்த வழியில் போனால் எப்போது கூடை தூக்கலாம், அதுவரை எத்தனை வாரம் வேலை போகும்’ என்று கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய கேள்வி இல்லை அது.

அமெரிக்காவில் 2006இல் வெளிவந்த இன்னொரு பெரிய ஆய்வு வேறு மாதிரிச் சிக்கியது. ஆபரேஷன் பக்கம் விழுந்தவர்களில் 60 சதவீதம் பேர்தான் இரண்டு வருடத்துக்குள் செய்துகொண்டார்கள், வேண்டாம் என்ற பக்கத்தில் 45 சதவீதம் பேர் செய்துகொண்டார்கள்! வலிக்கிறவரைக் கட்டிப்போட முடியுமா? ஆட்கள் இப்படிக் கலந்துபோனதால் எது மேல் என்று அடித்துச் சொல்ல முடியாமல் போயிற்று.

ஸ்கேன் படத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களைப் படம் எடுத்தாலும் சுமார் 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருக்கும். படமும் வலி ஓடும் வழியும் ஒத்துப்போகிறதா என்பதுதான் முக்கியம். அதுவரை லயத்து வீட்டுக்குள் வாரக்கணக்கில் படுத்தே கிடக்கவும் வேண்டாம், அப்படிப் படுப்பதால் சீக்கிரம் குணமாவதில்லை என்றும் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஆனால் சிறுநீர் கட்டிக்கொண்டாலோ, மலம் போவது தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ யோசனையே வேண்டாம், ராத்திரி என்றாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்து நாலு நாள். குரல் கரகரவென்று இருக்கிறது. காமன் கூத்தில் பாடுகிறவர், பயந்துபோயிருக்கிறார். இடுப்புக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம்? (வாசகர், தலவாக்கலை)

பதில்: கத்திக்கும் தொண்டைக்கும் சம்பந்தமில்லை, மயக்க மருந்துக்குத்தான் சம்பந்தம். இந்த ஆபரேஷனுக்குக் குப்புறப் படுக்க வைப்பார்கள், முழு மயக்கத்தில் மூச்சுக் குழாய்க்குள் ஒரு டியூப் விடுவார்கள். அது இரண்டு குரல் நாண்களுக்கும் நடுவால்தான் போகிறது, உராய்ந்து வீங்கினால் குரல் கட்டும். பெரும்பாலும் சில நாட்களில் சரியாகிவிடும். தண்ணீர் குடிக்கட்டும், கத்திப் பேச வேண்டாம். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் காது மூக்கு தொண்டை கிளினிக்கில் காட்டுங்கள்.

கேள்வி: அந்தக் காலத்துக் கூத்துக்காரர்கள் மைக் இல்லாமல் விடிய விடியப் பாடினார்களே, தொண்டை பலமா? (மாணவி, பண்டாரவளை)

பதில்: பலம் மட்டும் இருந்தால் நடுச்சாமத்துக்குள் தொண்டை கிழிந்திருக்கும். நாண்கள் எழுப்புவது வெறும் ரீங்காரம்தான். அதற்கு மேலே உதடு வரை உள்ள குழாய், வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர், சில அதிர்வுகளை மட்டும் தூக்கிவிடுகிறது. ஒரே சுருதியில் ‘ஆ’ என்று பிடித்துக்கொண்டு மெதுவாக ‘ஈ’க்குப் போய்ப் பாருங்கள், நாண்களின் சுருதி அப்படியே இருக்கும், நாக்கு நகர்ந்து குழாயின் வடிவம்தான் மாறும். சுவீடனின் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் ஒபரா என்ற மேற்கத்திய இசை நாடகப் பாடகர்களை அளந்து, 3000 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 3000 அதிர்வு) பக்கத்தில் அவர்கள் குரலில் தனியாக ஒரு எழுச்சி இருப்பதைக் காட்டினார். பக்கவாத்தியங்களின் பலம் 500 ஹெர்ட்ஸ் பக்கம், மேலே போகப் போகக் குறையும். அந்த இடைவெளியில்தான் மைக் இல்லாத ஒரு ஆள் குரல் வாத்தியக் கூட்டத்தைத் தாண்டிக் கேட்கிறது.

நீங்களும் பழகலாம். ஒரு ஸ்ட்ராவை உதட்டால் இறுக்கிப் பிடித்து, அதற்குள்ளே ‘ஊ’ என்று சுருதியைக் கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே இழுங்கள். வெளிநாட்டுக் குரல் சிகிச்சை நிலையங்களிலும் இதே பயிற்சிதான். கன்னம் உப்பக்கூடாது, மூக்கு வழியாகக் காற்று போகக்கூடாது, வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.