பலகை ஓடாத ஊரில் பலகைப் பாட்டு

கேள்வி: பலகையில் சறுக்கி விளையாடும் ஏதோ வீடியோ கேமையும், அதில் வரும் ஆங்கிலக் கூச்சல் பாட்டுகளையும் பற்றிச் சென்ற இதழில் ஓர் இளைஞர் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். தோட்டத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? தமிழ் இதழில் இதற்கு இடமா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: மூன்று பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கோபப்பட்டீர்களா, ஐயா? அவர் வளர்ந்ததும் உங்கள் ஊர்ப் பக்கம்தான். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, முன்னால் செம்மண் பாதை; மழை பெய்தால் சைக்கிளே மிதிக்க முடியாது. நாலு குட்டிச் சக்கரம் வைத்த பலகை அங்கே எப்படி ஓடும்? கோயில் மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் ஓட்டியிருந்தால் தலைவர் தோலை உரித்திருப்பார். அதனால் ஓட்டியதெல்லாம் டவுனில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த வீடியோ கேம் கடையில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து. பிளேஸ்டேஷனில் முக்கோணப் பொத்தானை அழுத்தினால்தான் கைப்பிடிக் கம்பிமேல் பலகை சறுக்கிக்கொண்டு போகும். அந்தக் கடையில் முக்கோணக் குறியே அழிந்துபோயிருந்ததாம்.

அமெரிக்கப் பலகைச் சறுக்கு வீரர் டோனி ஹாக் பெயரில் 1999-இல் வந்த ஆட்டம் அது. ஒரு சுற்றுக்கு இரண்டே நிமிடம். பின்னணியில் கோல்டுஃபிங்கர், டெட் கென்னடிஸ் மாதிரிக் குழுக்களின் பங்க் என்னும் வேகமான ராக் பாட்டு. நம் வானொலியிலும் வராது, கல்யாண வீட்டிலும் போடமாட்டார்கள். பாதிக்கு மேல் சொல் புரியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் ஆட்டத்தில் எத்தனை தடவை குப்புற விழுந்தாலும் பாட்டு நிற்காது, ஆளும் உடனே எழுந்துவிடுவான். அப்பா செம்பனைக் குலை வெட்டப் போய் இடுப்பு பிடித்துப் படுத்துக் கிடந்த வருடம் அது. அதை ஒரே வரியில் எழுதிவிட்டு அவர் தாண்டிப் போய்விட்டார். நீங்களும் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் காலத்தில் தோட்டத்துத் திடலில் திரை கட்டி எம்.ஜி.ஆர். படம் போட்டார்கள். மறுநாள் ரப்பர்க் குச்சியை வாளாக்கிச் சண்டை போட்ட பையன்களிடம், லயத்துப் பிள்ளைக்கு அரண்மனை எதற்கு என்று யாராவது கேட்டார்களா?

சரி, கூச்சல். 2000-இல் வந்த இரண்டாம் பாகத்தில் பப்ளிக் எனிமி என்ற ராப் குழுவும் ஆந்த்ராக்ஸ் என்ற மெட்டல் குழுவும் சேர்ந்து பாடிய பாட்டு உண்டு. ராப்பும் மெட்டலும் கலந்தது. நம் மலேசிய ராப் பாடகர் யோகி பி 2006-இல் நட்சத்ரா குழுவோடு 'மடை திறந்து' பாடியபோதும் கூச்சல் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். இன்று அதற்கு ஆடாத கல்யாண மண்டபம் எது? (பாசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய திருட்டு சி.டி.யைப் பற்றிக் கேட்டிருந்தால் திணறியிருப்பேன். நல்லவேளை, நீங்கள் கேட்கவில்லை.)

அடுத்த இதழிலும் அவர் எழுதுகிறார், மூன்றாம் பாகத்தின் பாடல்களைப் பற்றி. அதில் ரமோன்ஸ் என்ற பங்க் குழுவினர் வருகிறார்கள். அவர்கள் பாட்டு 1976-இல் வந்தது. உங்கள் இளமைக்காலத்துக் கூச்சல்தான், ஐயா.