கிழிந்த நிழற்கூரைக்கு ஒட்டுப் போடுவதற்கு முன்: வாசகர் கேள்வி–பதில்

மடக்குக் கூடாரம், இழுத்துக் கட்டும் நிழல்விரிப்பு, சாய்வுக்கூரை எனத் திறந்தவெளியில் நிற்கும் துணிக்கூரைகளின் கிழிசல்கள் பற்றி வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் மடக்குக் கூடாரத்தின் மேல்துணி, மூலைக்குச் சற்று உள்ளே ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பொட்டலம் கட்டும் ஒட்டுநாடாவை இருபுறமும் ஒட்டினேன். இரண்டே வாரத்தில் வெயிலில் பசை இளகி நாடா தொங்கிவிட்டது. இதை நிலையாகச் சரிசெய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் துணியைக் கையில் எடுப்பதற்கு முன் சட்டத்தைப் பாருங்கள். மூலைக்கு அருகில் ஏற்படும் கிழிசல் பெரும்பாலும் காற்றினால் மட்டும் வருவதில்லை; அந்த இடத்தில் குழாயின் வெட்டுமுனையோ, திருகாணியின் தலையோ, உடைந்த பிளாஸ்டிக் மூடியோ துணியை நாள்தோறும் அராவிக்கொண்டிருக்கும். ஒரு பஞ்சுத் துணுக்கை எடுத்து அந்தக் குழாயின் மேல் மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தை அரத்தால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, மேலே கெட்டித் துணி ஒன்றைச் சுற்றிக் கட்டிய பிறகுதான் ஊசியை எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் போடும் ஒட்டு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அதே இடத்தில் மறுபடியும் கிழியும்.

மடக்குக் கூடாரங்களின் துணி பெரும்பாலும் பாலியஸ்டர். அதன் உட்புறத்தில் நீர் புகாத மெல்லிய பூச்சு இருக்கும். துணியைச் சட்டத்திலிருந்து முழுவதுமாகக் கழற்றி, மிதமான சோப்புநீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மேசையின் மேல் சுருக்கமில்லாமல் விரித்துக்கொள்ளுங்கள். பழைய நாடாவின் பசை ஒட்டியிருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து எடுங்கள். பசை மிச்சமிருந்தால் ஊசி பிசுபிசுத்து நூல் அறுந்துகொண்டே இருக்கும். கிழிசலின் ஓரத்தில் தொங்கும் இழைகளைப் பிடித்து இழுக்காதீர்கள், கத்தரியால் வெட்டி விடுங்கள்.

ஒட்டுத்துணி அதே வகையாகவும் ஏறத்தாழ அதே கனமாகவும் இருக்க வேண்டும். மெல்லிய துணியின் மேல் மிகக் கனமான ஒட்டைப் போட்டால், ஒட்டு உறுதியாக நிற்கும்; ஆனால் அதன் விளிம்பை ஒட்டிப் புதிய கிழிசல் தொடங்கும். கிழிசலைத் தாண்டி நான்கு புறமும் 5 செ.மீ. வருமாறு வெட்டி, நான்கு மூலைகளையும் வளைவாக்கிவிடுங்கள், ஏனெனில் கூர்மையான மூலைதான் முதலில் மேலெழுந்து பிரியும். துணியின் பாவு (நீளவாட்டு இழை) எந்தத் திசையில் ஓடுகிறதோ அதே திசையில் ஒட்டின் பாவும் ஓட வேண்டும். குறுக்காக வைத்தால் இழுபடும்போது ஒன்று நீளும், மற்றொன்று நீளாது, இடையில் சுருக்கம் விழும்.

குண்டூசி குத்தி நிறுத்த வேண்டாம், ஒவ்வொரு குத்தும் ஒரு நீர்க்கசிவு. இருபுறமும் ஒட்டும் மெல்லிய நாடாவால் ஒட்டை நிறுத்திக்கொண்டு, அதன் விளிம்பை ஒட்டி ஒரு வரியும் கிழிசலின் வாயை ஒட்டி ஒரு வரியுமாகத் தையுங்கள். தையல் நீளம் 3 முதல் 4 மி.மீ. இருக்கட்டும். நெருக்கமாகத் தைத்தால் உறுதி கூடும் என்று பலர் நினைக்கிறார்கள்; உண்மையில் அது தபால்தலைத் தாளில் போட்ட துளைவரிசை போல ஆகி, அந்தக் கோட்டிலேயே துணி கிழிய வழிசெய்து கொடுக்கும். கடைசியாகத் தையல் துளைகளின் மேல் தையல் அடைப்புப் பசையை மெலிதாகத் தடவி, குறைந்தது ஒரு நாளாவது உலரவிட்டு, பிறகு கட்டுங்கள். ஒட்டுநாடாவை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கூரைத்துணி பிளாஸ்டிக் போல இருக்கிறது. கடைக்காரர் ஒருவர் பிவிசி பசை போதும் என்கிறார், இன்னொருவர் எந்தப் பசையும் ஒட்டாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: துணி எதனால் ஆனது என்பதைப் பொறுத்து இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். பாலியஸ்டர் துணியின் இருபுறமும் பிவிசி பூசியதென்றால் பிவிசிக்கான பசை நன்றாகப் பிடிக்கும். பாலித்தீன் இழைகளால் நெய்து மேலே பாலித்தீன் படலம் ஒட்டிய தார்ப்பாய் என்றால், வழக்கமான பசைகள் ஒட்டியதுபோல் தோன்றி, உலர்ந்ததும் தோலாக உரிந்து வந்துவிடும்.

இரண்டையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஓரத்தில் ஒரு விரல்நகம் அளவுக்கு வெட்டி, ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரில் போட்டு, ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழ்கள் போகும்வரை விரலால் அழுத்தித் தேய்த்து விடுங்கள். மேலே மிதந்து வந்தால் பாலித்தீன். அடியில் போய்ப் படுத்தால் பிவிசியோ பாலியஸ்டரோ. பாலித்தீன் தண்ணீரைவிட இலேசானது, மற்றவை கனமானவை, அவ்வளவுதான். சிலர் நெருப்பில் கொளுத்திப் பார்க்கச் சொல்வார்கள். பிவிசி எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. அது கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். எனவே அந்தச் சோதனை வேண்டாம்.

பிவிசி துணியென்றால், ஒட்டும் இரு பரப்புகளையும் துடைத்து, இரண்டிலும் பசையை மெலிதாகத் தடவி, பசைக்குழாயில் குறிப்பிட்ட நேரம்வரை ஆறவிட்டு, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உருளையால் அழுத்துங்கள். காற்று உள்ளே சிக்கினால் அந்த இடம் வெயிலில் கொப்புளமாக எழும். பெரிய கிழிசல்களுக்குச் சூடான காற்றை ஊதி இரு பரப்புகளையும் உருக்கி இணைப்பதே மேல். ஆனால் அது பழகிய கைக்கு மட்டுமே உரிய வேலை, காற்றோட்டமான இடத்திலும் செய்ய வேண்டும். பாலித்தீன் தார்ப்பாயையும் சூட்டில் இணைக்கலாம். கருவி இல்லாதவர்கள் அதற்கென்றே விற்கும் தார்ப்பாய் நாடாவை இருபுறமும் ஒட்டினால் போதும்.

சிலிக்கோன் பற்றி ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளுக்கு முன் பிவிசி கூரை ஒன்றில் சிறு கசிவை அடைப்பதற்காகக் கையில் கிடைத்த சிலிக்கோனை அப்பினேன். ஒரு பருவம் தாங்கியது. அது உரிந்த பிறகு முறையான ஒட்டுப் போட முயன்றபோது எந்தப் பசையும் அந்த இடத்தில் நிற்கவில்லை; சுரண்டியும் துடைத்தும் பார்த்தேன், கண்ணுக்குத் தெரியாத படலம் போகவே இல்லை. கடைசியில் அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க நேர்ந்தது. சிலிக்கோன் பூசிய துணிக்கு மட்டும் சிலிக்கோன் பசையைப் பயன்படுத்துங்கள். மற்றவற்றின் அருகில் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: மூன்று மூலைகளில் இழுத்துக் கட்டிய வலைபோன்ற நிழல்விரிப்பில், தீப்பொறி பட்டு ஒரு நாணயம் அளவுக்கு ஓட்டை விழுந்திருக்கிறது. அது ஓடிப் பெரிதாகுமா?

பதில்: அது பின்னிய வலையென்றால் பெரும்பாலும் ஓடாது. நெய்த துணியில் ஓர் இழை அறுந்தால் பக்கத்து இழைகள் நழுவும்; நிழல்வலையின் கண்ணிகளோ ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டிருப்பவை. அதிலும் தீப்பொறி பட்ட ஓரம் உருகிக் கெட்டியாகியிருக்கும். ஓட்டை நடுப்பகுதியில் இருந்தால் விட்டுவிடலாம். விளிம்பிலிருந்தோ மூலையிலிருந்தோ ஒரு முழத்துக்குள் இருந்தால் ஒட்டுப் போடுங்கள், இழுவிசை முழுவதும் அங்கேதான் குவிகிறது.

கட்டிய நிலையில் தைக்காதீர்கள். முதலில் மூலைத் திருகுகளைத் தளர்த்தி விரிப்பைக் கீழே இறக்குங்கள். அதே வலையில் ஒரு துண்டை எடுத்து வளைந்தோடும் (ஸிக்ஸாக்) தையலாகத் தையுங்கள். நேர்த்தையல் போட்டால், வலை நீளும்போது நூல் நீளாமல் அறும்.

கேள்வி: மழை பெய்தால் எங்கள் கூரையின் நடுவே குளம்போல் நீர் தேங்கி, அந்த இடத்தில் துணி பை போலத் தொங்குகிறது. ஒரு ஓட்டை போட்டு வடிய விடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு சதுர மீட்டரில் 5 செ.மீ. ஆழத்துக்கு நீர் நின்றால் அதன் எடை 50 கிலோ. அந்த எடையில் துணி தாழும், தாழ்ந்த இடத்துக்கு மேலும் நீர் வரும், இன்னும் தாழும். இழுபட்டு நிற்கும் அந்தத் துணியில் நீங்கள் போடும் ஓட்டையே கிழிசலின் தொடக்கமாகிவிடும். தாங்காமல் சட்டமும் வளையலாம்.

தேங்கிய நீரைக் கம்பின் முனையால் குத்தி மேலே தள்ளுவதும் தவறு. அகலமான துடைப்பத்தின் தலையில் துணி சுற்றி, கூரையின் தாழ்ந்த விளிம்புக்கு அருகிலிருந்து தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி வடியுங்கள். நீர் ஒரேயடியாகக் கொட்டும், ஆகவே அந்தப் பக்கம் குழந்தைகள் நிற்கக் கூடாது. பிறகு காரணத்தைக் கவனியுங்கள்: துணி தளர்ந்திருந்தால் இறுக்குங்கள், சரிவு போதாதென்றால் ஒரு பக்கத்துக் கால்களைத் தாழ்த்துங்கள். நான்கு மூலை விரிப்பென்றால் எதிரெதிர் மூலைகள் இரண்டை உயரமாகவும் மற்ற இரண்டைத் தாழ்வாகவும் கட்டுங்கள். அந்த முறுக்கிலேயே துணி விறைப்பாக நிற்கும், நீரும் இறங்கிவிடும்.

கேள்வி: சாய்வுக்கூரையின் துணி கிழியவில்லை, தையல் மட்டும் நெடுக விட்டுப்போயிருக்கிறது. தைத்தால் போதுமா, மாற்றிவிடலாமா?

பதில்: வெயிலில் பெரும்பாலும் துணிக்கு முன்பாக நூல்தான் இற்றுப்போகிறது. எனவே தையல் விட்டதைக் கண்டவுடன் துணியைக் கைவிட வேண்டாம். பழைய நூலைப் பிரித்தெடுத்து, அதே துளைகளின் வழியாக, புறஊதாக் கதிரைத் தாங்கும் பாலியஸ்டர் நூலால் தையுங்கள். வீட்டில் கிடைக்கும் பருத்தி நூல் ஈரத்தில் மட்கும். ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் மற்றவையும் அதே வயதுடையவை என்பதால், எல்லாத் தையல்களையும் நகத்தால் நெருடிப் பாருங்கள். நூல் பொடிந்து உதிர்ந்தால் அங்கும் மறுதையல் தேவை.

துணியைச் சோதிக்கும் முறை இது. அதிகம் வெயில்பட்ட இடத்தில் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். விரலில் வெண்பொடி ஒட்டினாலோ, மடித்த மடிப்பில் வெடிப்பு தெரிந்தாலோ, ஓரத்தை இரு கையாலும் பிடித்து இழுத்தால் காகிதம் போலக் கிழிந்தாலோ, அந்தத் துணி நைந்துவிட்டது. அதில் தைக்கும் ஒவ்வொரு தையலும் புதிய ஓட்டைதான். ஒட்டு நிற்கும், அதைச் சுற்றியுள்ள துணி நிற்காது. இதற்குக் கையிலிருக்கும் பணத்தையும் நேரத்தையும் செலவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. பொது இடத்தில், ஆட்கள் கூடும் கூரையென்றால், மாற்றும்போதும் ஒட்டுப் போடும்போதும் மூலத்துணிக்கு இருந்த தீத்தடுப்புத் தன்மை புதிய துணிக்கும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.

துணி இந்தச் சோதனையில் தேறினால், இரவில் ஒரு முறை கீழே நின்று, மேலிருந்து வேறொருவரை விளக்குப் பிடிக்கச் சொல்லுங்கள். பகலில் தெரியாத ஊசித்துளைகள் விண்மீன்களாக மின்னும். சுண்ணக்கட்டியால் அவற்றை வட்டமிட்டு வைத்துக்கொண்டு, தையலைப் பிரிக்கும் நாளிலேயே அவற்றையும் அடைத்துவிடலாம்.