மடி வீங்கின மாட்டுக்கு ஸ்டிராங்கான வலி ஊசி எது?

கேள்வி: ஐயா வணக்கம். பவானிசாகர் பக்கம் காட்டோரத்துல 2 ஏக்கர் தோட்டம், ஜெர்சி கலப்பு 3 மாடு வச்சிருந்தேன். போன மாசம் ஒரு மாட்டுக்கு கன்னு போட்ட பத்தாம் நாள் மடி வீங்கி காய்ச்சல் வந்துச்சு. பைக்ல வர்ற டாக்டர கூப்பிட்டு 2 நாள் ஊசி போட்டோம், எந்திரிச்சு நின்னு தீனி கூட எடுத்துச்சு, மூணாம் நாள் விடியக்காலைல செத்துப்போச்சு. பள்ளத்துல கொண்டுபோய் போட்டுட்டோம். இப்ப ரெண்டாவது மாட்டுக்கு (ரெண்டாம் ஈத்து, 12 லிட்டர் கறந்தது) பின்னாடி இடது காம்பு பக்கம் கல்லு மாதிரி இருக்கு, பால் திரிதிரியா வருது. நேத்து ஆஸ்பத்திரில மெலாக்சிகாம் போட்டாங்க, கேக்கல. அந்த பழைய ஊசியே போடலாமா, இல்ல அதவிட ஸ்டிராங்கா ஏதாச்சும் இருக்கா? போட்டோ அனுப்பிருக்கேன்.

பதில்: தம்பி, போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். மடிய பாக்கறதுக்கு முன்னாடி தீனித்தொட்டி ஓரத்துல கெடக்குறதுதான் கண்ணுல பட்டுச்சு, கழுத்து ஒடிச்ச 3 மில்லி கண்ணாடி ஆம்ப்யூல். எண்ணினேன், பதினொண்ணு தெரியுது. அது மனுசனுக்கு இடுப்பு வலிக்கு போடுற டைக்ளோஃபெனாக். போன மாசத்துதா, இல்ல எனக்கு எழுதறதுக்கு முன்னாடியே இந்த மாட்டுக்கும் போட்டாச்சான்னு நீங்க எழுதல. எதுவா இருந்தாலும் மொதல்ல அத பொறுக்கி எடுங்க, மாடு கண்ணாடிய மென்னு வைக்கும்.

மாட்டுக்கு வர்றேன். மெலாக்சிகாம் கேக்கலன்னு சொல்றீங்க, அது கேக்க வேண்டியது வலிக்கும் காய்ச்சலுக்கும்தான், மடிக்குள்ள இருக்குற கிருமிக்கு அது ஒண்ணும் பண்ணாது, பழைய ஊசியும் பண்ணாது. ஆன்டிபயாடிக் தேவைப்படுற மடி இது. கல்லு மாதிரி இருக்கு, திரிதிரியா வருதுன்னா இன்னைக்கே திரும்ப டாக்டர பாருங்க, வண்டி வசதி இல்லைன்னா 1962க்கு போன் போட்டா நடமாடும் ஊர்தி வரும். ஆன்டிபயாடிக் போடறதுக்கு முன்னாடி அந்த காம்புல இருந்து சுத்தமான பாட்டில்ல கொஞ்சம் பால் புடிச்சு எந்த மருந்துக்கு கேக்கும்னு லேப்ல பாக்கச் சொல்லுங்க, போட்டதுக்கு அப்புறம் எடுத்தா ரிசல்ட்ட நம்ப முடியாது. அதுவரைக்கும் ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா அந்த காம்ப கறந்து கறந்து காலி பண்ணுங்க, தனி பாத்திரத்துல. கட்டுத்தரையில பீச்சி விட்டா மத்த காம்புக்கும் பக்கத்து மாட்டுக்கும் நீங்களே பரப்பி விடுறீங்கன்னு அர்த்தம். அந்த பால கன்னுக்கும் ஊட்டாதீங்க, ஆன்டிபயாடிக் ஆரம்பிச்சதும் டாக்டர் சொல்ற நாள் வரைக்கும் சொசைட்டிக்கும் ஊத்தாதீங்க.

சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சத்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைச்சு மடி பூரா ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவ பூசுறது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நல்ல வைத்தியம்தான், ஆரம்பத்துலயே புடிச்சா நல்லா கேக்கும். காய்ச்சல் அடிச்சு தீனி எடுக்காத மாட்டுக்கு இத மட்டும் நம்பி உக்காந்துராதீங்க, டாக்டர் மருந்தோட சேத்து பூசுங்க.

ஒரே கட்டுத்தரையில ரெண்டு மாசத்துல ரெண்டு மாட்டுக்கு மடிநோய் வந்திருக்கே, அது ஏன்னு நீங்க கேட்டிருக்கணும். போட்டோவுலயே தரை நச நசன்னு இருக்கு. கறந்து முடிச்சதும் காம்புக் கண்ணு அரை மணி நேரமாச்சும் திறந்துதான் இருக்கும், அந்த நேரத்துல மாடு சாணி மூத்திரத்துல படுத்துச்சுன்னா கிருமிய உள்ள விட்டுத்தான் ஆகும். கறந்த உடனே காம்ப அயோடின்ல முக்குங்க, தீவனத்த அப்ப போடுங்க, அது நின்னு திங்கும். பால வத்த விடும்போது காம்புக்குள்ள டாக்டர் ஏத்துற மருந்த காசு பாத்து விட்றாதீங்க. இவ்வளவுதான், மீதி நீங்க பண்ணிட்டுத்தான் இருப்பீங்க.

இனி அந்த ஊசி. இதப் பத்தி நான் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்னு வீட்லயே திட்டுவாங்க, பரவால்ல.

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடக்கூடாதுன்னு 2006லயே தடை. அப்புறமும் மனுச மருந்துன்னு பெரிய பாட்டில்ல வாங்கி மாட்டுக்கு ஏத்திட்டு இருந்தாங்க, அதனால 2015ல மனுசனுக்கான ஊசியே 3 மில்லிக்கு மேல அடைக்கக்கூடாதுன்னு ஆர்டர் போட்டாங்க, மருந்து கம்பெனிங்க கோர்ட்டுக்கு போயி 2017ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டும் அந்த ஆர்டர் சரின்னு சொல்லிருச்சு. சின்ன ஆம்ப்யூல் பத்து பன்னெண்ட ஒடிச்சு எவன் மாட்டுக்கு போடுவான்னு நெனச்சுத்தான் அப்படி பண்ணுனது. போடுறான், உங்க தொட்டி ஓரமே சாட்சி.

இதுல பிணந்தின்னிக் கழுகுக்கு, அதான் பாறுக்கு, என்ன ஆகுதுன்னா, ஊசி போட்ட மாடு ரெண்டு மூணு நாளுக்குள்ள செத்தா மருந்து ஈரல்லயும் கிட்னியிலயும் கறியிலயும் அப்படியே இருக்கும். அத பாறு வந்து தின்னுச்சுன்னா அதோட கிட்னி நின்னு போயிரும். உப்பு வெளிய போக வழியில்லாம ஈரல் மேலயும் இருதயத்து மேலயும் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையா படிஞ்சிரும். தலையத் தொங்கப் போட்டுட்டு கெளையில உக்காந்திருக்கும், ரெண்டு நாள்ல பொத்துன்னு கீழ விழும். அடைப்பான்ல (ஆந்த்ராக்ஸ்) செத்த மாட்டையே தின்னு செரிக்கிற வயிறு அதுக்கு, நாம இடுப்பு வலிக்கு போடுற மருந்துக்கு தாங்கல. 1992ல இருந்து 2007க்குள்ள வெண்முதுகுப் பாறு நாட்டுல நூத்துக்கு தொண்ணூத்தொம்பதுக்கும் மேல காணாம போச்சு. நூறு செத்த மாட்டுல ஒண்ணே ஒண்ணுல மருந்து இருந்தா போதும், மொத்த கூட்டமும் அழியறதுக்கு. வருசத்துக்கு ஒரே ஒரு முட்டை விடுற பறவை தம்பி, திரும்ப எப்ப பெருகும்.

நீங்க இருக்குற இடம் சாதாரண இடமும் இல்ல. தென்னிந்தியாவுல பாறு இன்னும் கூடு கட்டுற முக்கியமான இடம் மாயாறு பள்ளத்தாக்குதான். ஆத்தோரம் நீர்மருது மரத்து உச்சியில கூடு கட்டும். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூணு மாநிலமும் சேர்ந்து எண்ணினாலும் சில நூறுதான் தேறும். அது சுத்தி வர்ற வானத்துக்கு கீழதான் உங்க பள்ளம் இருக்கு.

பாறு போனா எனக்கென்னன்னு நெனச்சுராதீங்க. அது போன இடத்துல பொணத்த தின்ன நாய் பெருகுச்சு, நாய்க்கடியும் வெறிநோயும் பின்னாலயே வந்துச்சு. அந்த நாய்ங்கதான் ராத்திரி உங்க ஊர் ஆட்டுப்பட்டிக்கும் வருது.

நானும் யோக்கியன் இல்ல. வேலைக்கு சேந்த புதுசுல, 90கள்ல, படுத்த மாடு ஒரு மணி நேரத்துல எந்திரிக்கும்னு இந்த ஊசிய நானே எத்தனையோ மாட்டுக்கு போட்டிருக்கேன், ஊர்ல கைராசி டாக்டர்னு பேரு வேற. 2004ல பாகிஸ்தான்ல செத்த கழுக அறுத்து பாத்து காரணம் இதான்னு நிரூபிச்சாங்க, அதுக்கப்புறம்தான் எங்க கண்ணே தொறந்துச்சு. உங்களுக்கு பைக்ல வந்து ஊசி போட்டவர் வாங்குற பேரும் இதே கைராசிப் பேருதான். வலிய அமுக்கினதும் மாடு நிக்குது, தீனி எடுக்குது, நீங்க 500 ரூவா குடுத்து கும்பிடுறீங்க, உள்ள சீழ் பாட்டுக்கு ரத்தத்துல கலந்துட்டு இருக்கு. உங்க மொத மாடு அப்படித்தான் போயிருக்கும்னு நெனைக்கிறேன். அவர் டாக்டரே இல்ல, ஊசி போடத் தெரிஞ்ச ஆளு. சீட்டு கேக்காம டஜன் கணக்குல ஆம்ப்யூல எடுத்துக் குடுக்குற மெடிக்கல் ஷாப்காரருக்கு அது மாட்டுக்குத்தான்னு நல்லா தெரியும், ஒரு ஆளுக்கு எவனும் பன்னெண்டு ஆம்ப்யூல் வாங்க மாட்டான்.

ஸ்டிராங்கா வேற ஏதாச்சும்னு கேட்டீங்க, கடைக்காரர் அடுத்து நீட்டப்போறது எதுன்னும் சொல்லிடறேன். கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் ரெண்டும் மாட்டுக்கு 2023ல தடை பண்ணியாச்சு, அசிக்ளோஃபெனாக் மாட்டு உடம்புக்குள்ள போனதும் டைக்ளோஃபெனாக்காவே மாறிடும், பேரு மட்டும்தான் வேற. நிமெசுலைடும் தடை லிஸ்ட்ல சேந்தாச்சு. மெலாக்சிகாம், இல்லைன்னா டோல்ஃபெனாமிக் ஆசிட், இந்த ரெண்டும் பாறுக்கு கெடுதல் இல்லைன்னு சோதிச்சு பாத்தது. வலிக்கு மாட்டுக்கு இதுவே போதும், அளவு டாக்டர் சொல்லட்டும்.

செத்த மாட்ட பள்ளத்துல போட்டது தப்புங்க. ஊசி போட்ட மாடு செத்தா ஆறடி குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு பொதைக்கணும், ஜேசிபி வாடகைக்கு யோசிக்காதீங்க, பஞ்சாயத்துலயும் கேட்டு பாருங்க. திடீர்னு செத்து மூக்குலயும் ஆசனவாயிலயும் ரத்தம் ஒழுகுச்சுன்னா அடைப்பானா இருக்கலாம், தோலுரிக்கவும் கூடாது அறுக்கவும் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்கு சொல்லுங்க. சிறுத்தை புடிச்ச கன்னா இருந்தா தொடாம விட்டுட்டு வனத்துறைக்கு சொல்லி நஷ்டஈடு எழுதிக் குடுங்க. அதுல குருணை மருந்து (பூச்சிக்கொல்லி விஷம்) தடவி வைக்கிற கோவக்காரங்க உங்க பக்கம் இருக்காங்கன்னு தெரியும், சிறுத்தை திரும்பி வருமோ வராதோ, பாறு கண்டிப்பா வந்து இறங்கும்.

பகல்ல ஒருக்கா அந்த பள்ளத்துக்கு போயி சுத்தியும் பாருங்க. பெரிய பறவை ஏதும் செத்துக் கெடந்தா கையில தொடாதீங்க, ஃபாரஸ்ட் கார்டுக்கு சொல்லுங்க, என்ன ஊசி போட்டோம்னு மறைக்காம சொல்லுங்க. நாளைக்கு காலைல மாடு தீனி எடுத்துச்சான்னும் அந்த காம்புல பால் என்ன நெறத்துல வந்துச்சுன்னும் எனக்கு எழுதுங்க.