சாவியை மூன்று முறை திருப்பினால்தான் உயிர் வருகிறதா?

பனி விழத் தொடங்கியதும் கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் டர்போ ஸ்லெட்காரர்களுடையவை, அதாவது டர்போ வைத்த ஸ்னோமொபைல் (பனியில் ஓட்டும் வண்டி) வைத்திருப்பவர்களுடையவை. முதலில் என் வழக்கமான பல்லவி: பெட்ரோல் லைனில் கை வைக்குமுன், டாங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்குங்கள். ஸ்டார்ட்டே ஆகாத வண்டி என்றால் சில நொடி செல்ஃப் அடித்துவிட்டு, ஜாயின்ட்டைத் துணியால் மூடிக் கழற்றுங்கள். கராஜ் கதவு திறந்தே இருக்கட்டும்.

2018 யமஹா சைட்வைண்டர். மைனஸ் 25 டிகிரியில் முதல் தடவை சும்மா சுற்றிக்கொண்டே இருக்கிறது. சாவியை மூன்று முறை அணைத்துப் போட்டால் உடனே பிடித்துக்கொள்கிறது. பம்ப் போய்விட்டதா? (சட்பரி)

பம்ப் போயிருந்தால் மூன்றாவது முறையும் பிடிக்காது. சாவி போட்டதும் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடி லைனை நிரப்பும். உங்கள் வண்டியில் இரவில் அழுத்தம் இறங்கிவிடுகிறது, ஒரு முறை ஓடுவது நிரப்பப் போதவில்லை. லைனில் அழுத்தம் காட்டும் கேஜ் மாட்டுங்கள். பல மெஷின்களில் 3 பார், அதாவது 43 பிஎஸ்ஐ அக்கம்பக்கம் இருக்கும். உங்களுக்கு உங்கள் மேனுவல் சொல்லும் எண்தான் கணக்கு. சாவியை அணைத்ததும் முள் மளமளவென்று விழுந்தால், மறுபடி நிரப்பி, பம்புக்கும் ரெயிலுக்கும் (பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பங்கிடும் குழாய்) இடையில் லைனை அடைத்துப் பாருங்கள். முள் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் பம்புக்குள் இருக்கும் செக் வால்வு, பெட்ரோல் திரும்ப டாங்குக்குப் போகாமல் தடுப்பது. அப்போதும் விழுந்தால் இன்ஜெக்டர் ஒழுகுகிறது. மிஞ்சிய பெட்ரோலை டாங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியானால், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் சந்தேகத்துக்குரியதே. ரப்பர் ஹோஸை மட்டுமே அதற்கான கிளாம்ப்பால் நசுக்கலாம். நைலான் லைனை நசுக்கினால் உடையும்.

வால்வு மட்டும்தான் என்றால் அவசரமில்லை. சாவியைப் போட்டு, பம்ப் சத்தம் அடங்கும்வரை பொறுத்து, இரண்டு முறை அப்படிச் செய்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். சீசனை ஓட்டிவிடலாம்.

அண்ணா, என் ஸ்லெட் ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்யலாம்? (ஊர் பெயர் இல்லை)

என்ன வண்டி, எந்த வருடம், குளிரிலா சூட்டிலா, பிளக் நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா? ஜோசியம் பார்க்க எனக்குத் தெரியாது, தம்பி. பிளக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

பேட்டரி போன வருடம்தான் வாங்கினேன். ஆனாலும் குளிரில் பம்ப் சத்தம் இழுத்தாற்போலக் கேட்கிறது. (டிம்மின்ஸ்)

போன வருடம் வாங்கியது என்பது ஒரு அளவீடு அல்ல. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரியே பாதி பலத்தில்தான் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி முனையில் வோல்ட் பாருங்கள்; 10க்குக் கீழே போனால் முதலில் அதைக் கவனியுங்கள். பிறகு பம்ப் கனெக்டரிலும் பாருங்கள். பேட்டரி முனையைவிட அங்கே ஒரு வோல்ட் குறைந்தால் கிரவுண்ட் வயரோ ரிலேயோ துருப்பிடித்திருக்கும். வோல்ட் குறைந்தால் பம்பின் வேகம் குறையும், அழுத்தமும் குறையும்.

2010 யமஹா நைட்ரோ, டர்போ கிட் போட்டது. ஐடிலில் (நின்றபடி மெதுவாக ஓடும்போது) 43 பிஎஸ்ஐ சரியாகக் காட்டுகிறது. பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏறினால் மூச்சுத் திணறுகிறது. இது மூன்றாவது பம்ப். நான்காவதாக எதை வாங்கலாம்? (ஹாலிபர்ட்டன்)

எதையும் வாங்க வேண்டாம். மூன்று பம்ப் வாங்கிய காசில் எத்தனையோ டாங்க் பெட்ரோல் ஓட்டியிருக்கலாம். கேஜ் வைக்காமல் பம்ப் வாங்காதீர்கள் என்று எத்தனை முறை எழுதுவது? நீங்கள் கேஜ் வைத்தீர்கள், அந்தவரை சந்தோஷம். ஆனால் ஐடிலில் பார்த்ததோடு நின்றுவிட்டீர்கள். ஐடிலில் எந்த நோஞ்சான் பம்பும் 43 காட்டும்.

கணக்கு இதுதான். எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் 10 பிஎஸ்ஐ பூஸ்ட் இருந்தால், இன்ஜெக்டரின் வாயை அந்தக் காற்று எதிரே தள்ளிக்கொண்டிருக்கிறது. அதனால் ரெயிலில் 53 இருக்க வேண்டும். முள் 43இலேயே நின்றால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 33தான். கலவையில் பெட்ரோல் குறைந்து மெலிந்துபோகும், பிஸ்டன் உருகும். மூச்சுத் திணறும்போதே கையை எடுத்துவிட்டீர்கள், அது உங்கள் அதிர்ஷ்டம்.

முதலில் இன்டேக்கிலிருந்து ரெகுலேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸைப் பாருங்கள். கழன்றிருக்கலாம், வெடித்திருக்கலாம், உள்ளே ஐஸ் கட்டியிருக்கலாம். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் டயாஃபிரம் கிழிந்துவிட்டது.

அதெல்லாம் நன்றாக இருந்தால் டாங்குக்குள் போங்கள். என் நெடுநாள் ஆத்திரமே இங்கேதான். போன குளிர்காலத்தில் இதே போன்ற வண்டி ஒன்று வந்தது, எங்கேயோ பம்ப் மாற்றியது. அசெம்பிளியை வெளியே எடுத்தால், பம்புக்கு மேலே இரண்டங்குல ஹோஸ் ஊறின அப்பளம்போல் தொளதொளவென்று இருந்தது. கிளாம்ப்புக்குப் பக்கத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு பிளவு. பேட்டரியைக் கொடுத்து, மண்ணெண்ணெய் வாளியில் ஓடவிட்டேன். பிளவிலிருந்து விசிறிபோல் பீச்சியது. பம்ப் அருமையான பம்ப், தள்ளியதில் ஒரு பங்கு திரும்ப டாங்குக்கே போய்க்கொண்டிருந்தது. வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாததால் யாருக்கும் தெரியவில்லை.

காரணம், தப்பான ஹோஸ். பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கு 30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ்தான் போட வேண்டும். 30ஆர்9 வெளியே ஓடும் இன்ஜெக்ஷன் லைனுக்கு. 30ஆர்7 கார்புரேட்டர் வண்டிக்கு. இவற்றை டாங்குக்குள் போட்டால், உள்பக்கம் தாங்கினாலும் வெளித்தோல் ஊறி வீங்கிவிடும். 30ஆர்10 விலை கொஞ்சம் அதிகம், வாஸ்தவம். அதை மிச்சம்பிடித்து எஞ்சினைக் கொடுப்பதா? கிளாம்ப்பும் ஓரம் மழுங்கிய இன்ஜெக்ஷன் கிளாம்ப்பாக இருக்கட்டும். பல் வைத்தது ஹோஸை அறுக்கும்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து ஸ்டார்ட் பண்ணலாமா? டூ ஸ்ட்ரோக் டர்போ. (பாரி)

வேண்டாம். சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலை அது கழுவிவிடும்.

ரெவல்ஸ்டோக் மலையில் ஏறி, பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகப் பாடுபடுத்துகிறது. காலையில் பிரச்சினையே இல்லை.

டர்போ சூடு எஞ்சின் மூடிக்குள் தங்கி ரெயிலில் இருக்கும் பெட்ரோலை ஆவியாக்குகிறது. நிறுத்துமுன் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், நிறுத்தியதும் பக்கப் பேனலைத் திறந்துவையுங்கள், கிளம்பும்போது சாவியை இரண்டு முறை போடுங்கள். தினமும் இப்படி என்றால் சட்பரிக்காரருக்குச் சொன்ன சோதனையை நீங்களும் செய்யுங்கள். லைனில் அழுத்தம் நின்றால் பெட்ரோல் லேசில் கொதிக்காது. பிளக் நனைந்திருந்தால் கதை வேறு, இன்ஜெக்டர் ஒழுகுகிறது.

அரை மணி ஓடியபின் அணைகிறது. டாங்க் மூடியைத் திறந்தால் 'உஸ்' என்று காற்று உள்ளே போகிறது, அப்புறம் ஓடுகிறது. (பான்கிராஃப்ட்)

பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். டாங்குக்குக் காற்று விடும் வென்ட் ஹோஸில் ஐஸ். கழற்றிக் காயவைத்து, தண்ணீர் தேங்காதபடி வழிவிட்டு மாட்டுங்கள்.

பூஸ்டில் பார்க்க வேண்டும் என்கிறீர்கள். கேஜை நீள ஹோஸில் ஹான்டில்பாருக்கு இழுத்துக் கட்டலாமா? (சட்பரி, இன்னொருவர்)

கூடாது. 50 பிஎஸ்ஐ பெட்ரோலை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கு 100 கிலோமீட்டரில் போவதா? ரெயிலில் எலெக்ட்ரிக் சென்சார் போட்டு, வயரை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். மாட்டுமுன் ஃப்யூஸைப் பிடுங்குங்கள்.