58 வயதில் 42 லட்சம் கடன்

கேள்வி: ரெட்டியார்பாளையத்தில் இரண்டு படுக்கையறை வீட்டில் இருக்கிறோம். மனை என் அப்பா எனக்குக் கொடுத்தது, வீடும் என் பெயரில்தான். நாங்கள் இருவர், முட்டிவலிக்கார மாமியார், பன்னிரண்டாவது படிக்கும் மகள், ஒன்பதாவது படிக்கும் மகன். இடம் போதவில்லை. லாசுப்பேட்டையில் நான்கு படுக்கையறை தனி வீடு 1 கோடியே 35 லட்சத்துக்கு வந்திருக்கிறது. கீழே ஓர் அறை, மாடியில் மூன்று. எங்கள் வீட்டை விற்றால் 55 லட்சம் வரும், கையில் 10 லட்சம் இருக்கிறது, மீதி 70 லட்சத்துக்கு 20 வருடக் கடன் என்பது என் கணவரின் கணக்கு. அவருக்கு 46 வயது, தனியார் கம்பெனியில் 95,000 சம்பளம், 58-ல் ஓய்வு. எனக்குப் பள்ளியில் 38,000. புது வீடு அவர் பெயரில் என்று பேச்சு. தை பிறந்ததும் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு என்னவோ பயமாக இருக்கிறது. நான் தேவையில்லாமல் பயப்படுகிறேனா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: தேவையான பயம்தான், சகோதரி. உங்கள் கணவர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறார், 46-ஐயும் 20-ஐயும் மட்டும் கூட்டவில்லை. 66 வருகிறது. சம்பளம் 58-ல் நின்றுவிடும்.

வட்டி 8.5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 70 லட்சத்துக்கு 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 60,750 ரூபாய். இரண்டு சம்பளமும் சேர்ந்து 1,33,000. கிட்டத்தட்டப் பாதி போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுகிறீர்கள் என்றே வையுங்கள். அவர் ஓய்வு பெறும் நாளில் பாக்கி அசல் எவ்வளவு தெரியுமா? 42 லட்சத்துக்கு மேல். 12 வருடம் கட்டியும் அசலில் கழிந்தது சுமார் 28 லட்சம்தான், ஏனென்றால் ஆரம்ப வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போகிறது.

பி.எஃப்., கிராஜுவிட்டி வந்ததும் அடைத்துவிடலாம் என்பார். அந்தப் பணம்தான் பிறகு உங்கள் இருவருக்கும் சாப்பாடும் மருந்தும். சரி, 58-க்குள்ளேயே முடித்துவிடுவோம் என்று 12 வருடக் கடன் போட்டால் தவணை 77,700 ஆகிறது. மிச்சம் 55,000 சொச்சத்தில் ஐந்து பேர் குடும்பம் நடக்க வேண்டும். அடுத்த வருடத்திலிருந்து மகளின் கல்லூரிக் கட்டணமும் அதிலேயே. இதில் வட்டி நிலையாக இருக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. 2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம், அதாவது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. அப்போது பல வங்கிகள் தவணைத் தொகையைத் தொடாமல் வருடத்தைக் கூட்டிவிட்டன. கட்டுகிறவர்களில் பலருக்கு அது தெரியவே நாளானது.

இன்னொரு ஓட்டை. 55, 10, 70 மூன்றும் வீட்டு விலைக்கே சரியாகப் போய்விட்டன. முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், புரோக்கர் கமிஷன், வக்கீல், பெயிண்ட், கிரில், கிரகப்பிரவேசம் எல்லாம் எங்கிருந்து வரும்? இந்த அளவு விலையுள்ள வீட்டுக்கு முத்திரைத்தாள், பதிவுச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்து வங்கி கடன் தராது. கடைசியில் நகையில் போய்த்தான் நிற்கும். நகையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் மனதில் அது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

பெயர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். விற்பது உங்கள் வீடு. அந்த 55 லட்சம் உங்கள் பணம். விற்ற லாபத்துக்கு வரிச் சலுகை வேண்டுமென்றால், விற்பதற்கு முந்தைய ஒரு வருடத்துக்குள்ளோ பிந்தைய இரண்டு வருடத்துக்குள்ளோ வேறு வீடு வாங்க வேண்டும். அதுவும் விற்றவர் பெயரில் இருந்தால்தான் சிக்கல் வராது. அவர் பெயரில் மட்டும் பத்திரம் போட்டால் அப்பா கொடுத்த மனையும் போச்சு, சலுகைக்கும் வம்பு. எந்த வீடு வாங்கினாலும் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்கட்டும். கடனை இருவர் பெயரிலும் வாங்கிக்கொள்ளலாம், வங்கி மறுக்காது.

லாசுப்பேட்டை மேடு, தண்ணீர் நிற்காது என்று அவர் சொல்லியிருப்பார். பொதுவாக உண்மைதான். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் கொட்டியபோது ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஆனால் ஏரியா மேடாக இருந்தாலும் தெரு பள்ளமாக இருக்கலாம். சாலையை மேலே மேலே போட்டு வாசற்படி கீழே போன வீடுகள் எத்தனை! புரோக்கர் இல்லாமல் ஒருநாள் போய், எதிர்வீட்டு ஆட்களிடம் அந்த ராத்திரி தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். போர் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள்.

அறைகளுக்கு வருவோம். மகள் அடுத்த வருடம் கல்லூரி. வெளியூரில் இடம் கிடைத்தால் விடுதிக்குப் போய்விடுவாள். மூன்று வருடம் கழித்து மகனுக்கும் அதே கதை. மாமியாரால் மாடி ஏற முடியாது. கடன் பாதிகூட அடையாத நிலையில் மாடியில் இரண்டு அறை பூட்டிக் கிடக்கும், நீங்கள் ஞாயிற்றுக்கிழமை பெருக்கப் போவீர்கள். உங்களுக்கு இன்று குறைவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு அறை.

அதை இருக்கிற வீட்டின் மேலேயே கட்ட முடியுமா என்று யாராவது பார்த்தார்களா? அஸ்திவாரமும் தூணும் இன்னொரு தளத்தைத் தாங்குமா என்று ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் கேளுங்கள். தாங்கும் என்றால் 700 சதுர அடிக்கு, அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்தாலும் பதினேழரை லட்சம். கையில் இருக்கும் பத்தில் ஐந்தைத் தொடாமல் வைத்துக்கொண்டு மீதிக்குக் கடன் வாங்கினாலும் மகள் டிகிரி முடித்த சில வருடத்தில் அடைந்துவிடும். பிளான் அப்ரூவல் வாங்காமல் கட்ட வேண்டாம்.

தாங்காது என்றாலோ, அவர் தனி வீடுதான் வேண்டும் என்று நின்றாலோ, கடன் 40 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 12 வருடத்துக்குத் தவணை 44,400 வரும், 58-ல் முடியும். உங்கள் 55-ஐயும் சேர்த்து 95 லட்சத்துக்குள் ஒரு வீடு. 10 லட்சம் பதிவுக்கும் மற்றதுக்கும். வில்லியனூர் பக்கம் தேடச் சொல்லுங்கள். லாசுப்பேட்டை என்ற பெயருக்காகத் தரும் கூடுதல் விலையை உங்கள் குடும்பம் இப்போது தாங்காது.

தை அட்வான்ஸைப் பொறுத்தவரை, உங்கள் வீட்டுக்கு வாங்குபவர் கிடைத்து அக்ரிமெண்ட் போடும் முன்பு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். மூலப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா மூன்றின் நகலையும் முதலில் வாங்கி உள்ளூர் வக்கீலிடம் காட்டுங்கள். மூலப்பத்திரம் பிரெஞ்சுக் காலத்தது என்றால் அதைப் படிக்கத் தெரிந்தவராகப் பார்த்துக்கொள்ளுங்கள். நகல் தர விற்பவர் இழுத்தடித்தால் அந்த வீட்டை அப்படியே விட்டுவிடலாம். உங்கள் கணவரிடம் பயம் என்று சொல்லாதீர்கள். இந்த 70 லட்சத்தில் 58 வயதில் பாக்கி எவ்வளவு நிற்கும் என்று வங்கியிலேயே எழுதி வாங்கிவரச் சொல்லுங்கள்.